கோட்டில் குத்தும் பூவும் கோவூர் கிழாரும்



புரட்டாசி முடிந்து, ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிட்டன. வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையின் கோட்டில் பூ குத்துவதை இப்போது நம் பக்கத்து மண்டபங்களிலும் பார்க்கிறோம். "வெள்ளைக்காரன் வழக்கம் நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. குத்தும் இடம்தான் புதிது. ஆண்கள் பூச் சூடுவது நமக்குப் பழையது.

சங்க காலத்தில் ஆண்கள் தலையில் சூடியதற்குக் கண்ணி என்று பெயர். சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. கண்ணியைப் பார்த்தே யார் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

ஒருமுறை சோழர் குடிக்குள்ளேயே பகை. நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் இருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டான். புலவர் கோவூர் கிழார் குறுக்கே வந்தார். இருவர் தலையிலும் ஆத்திதானே இருக்கிறது, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று கேட்டார். புறநானூற்றின் 45ஆம் பாட்டு அது.

சோழர் நமக்கு அயலார் அல்லர். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை நம் கோயிலுக்குக் கொடுத்ததை அவை சொல்கின்றன.

ஐப்பசியில் ஆத்திப் பூ கிடைக்காது, இலை கிடைக்கும். இரண்டு இலைகள் ஒட்டிப் பிறந்ததுபோல நடுவில் பிளந்திருக்கும், மணமக்களுக்குப் பொருத்தம்தான். மகாராட்டிரத்தில் விஜயதசமியன்று இதே இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள்.

ஆத்தி இலைமேல் சிறு சாமந்தி ஒன்றை வைத்து நூலால் கட்டிப் பாருங்கள். பனங்குருத்தை மடித்து நடுவில் ரோஜா மொட்டு வைக்கலாம். நேரு தம் சட்டையில் ரோஜா செருகியதை ஊரே ரசித்ததே! வேப்பங்கொழுந்தோடு இரண்டு சம்பங்கி சேர்த்தாலும் அழகு. மழைக்காலத்தில் மல்லிகை விலை ஏறும், நம்ப வேண்டாம். செங்காந்தள் நம் மாநில மலர், பூக்கும் பருவமும் இதுதான். ஆனால் அந்தச் செடி முழுக்க நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் கல்யாண வீட்டுக்கு அது ஆகாது.

எந்தப் பூவானாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் ஒரே பூவைக் கொடுங்கள். சீரிலோ பந்தியிலோ குறை வந்து குரல் உயரும்போது, எதிரில் நிற்பவர் சட்டையிலும் நம் பூதான் இருக்கும்.