ஹென்ரியட்டா வீதி 14-ஆம் இலக்க மாளிகை

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், லிஃபி நதிக்கு வடபால், பிரபு குடும்பத்தின் வாசஸ்தலமாக எழுந்து, காலகதியில் நூறுபேர் நெருங்கி வாழ்ந்த ஒண்டுக்குடித்தன வீடாகி, இப்போது பொருட்காட்சிசாலையாக விளங்கும் கட்டடம் இது.

அமைப்பு: ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் வழங்கியதும், அளவுகளின் பொருத்தத்தையே அழகுக்கு ஆதாரமாகக் கொண்டதுமான ஜார்ஜிய பாணியில் அமைந்தது. நிலவறைக்குமேல் நான்கு அடுக்குகளாக உயர்ந்த இதன் செங்கல் முகப்பில் ஆடம்பரம் இல்லை. மேலடுக்கிற்கு ஏற ஏற ஜன்னல்களின் உயரம் குறைந்துவரும் கிரமமே அதற்குக் கம்பீரம் தருகிறது. அலங்காரமெல்லாம் விருந்தினரை உபசரிக்கும் உயர்ந்த கூடங்களுக்கென்று உள்ளே வைக்கப்பட்டது.

வரலாறு: லூக் கார்டினர் 1720-களில் அமைக்கத் தொடங்கிய இவ்வீதியில், 1740-களின் இறுதியில் கட்டப்பட்ட இம்மாளிகையில் முதலில் குடியேறியவர், ராமிலி யுத்தத்தில் தம் குதிரையைத் தந்து ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ பிரபுவின் உயிரைக் காத்த ரிச்சர்ட் மோல்ஸ்வொர்த். அயர்லாந்தைப் பிரிட்டனுடன் இணைத்த ஐக்கியச் சட்டத்தால் 1801-இல் அந்நாட்டின் பார்லிமெண்டு மறைந்ததும், அதை நாடி டப்ளினில் தங்கியிருந்த பிரபுக்கள் லண்டனுக்குப் பெயர்ந்தனர். மாளிகைகளின் மதிப்பு சரிந்தது. 1877-இல் இதை வாங்கிய தாமஸ் வான்ஸ், இடம் மிகுதிப்படுவதற்காகப் பெரிய மாடிப்படியைப் பெயர்த்தெடுத்து, கூடங்களைத் தட்டிகளால் பிரித்து, 19 குடித்தனங்களாக்கினார். சுதைவேலைப்பாடு நிறைந்த ஒரே விதானத்தின்கீழ்ச் சமையலும் உறக்கமும் பிரசவமும் மரணமும் நிகழ்ந்தன. 1911-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இங்கு வசித்தோர் 100 பேர். இத்தகைய வீடுகளின் அபாயத்தை, 1913-இல் அருகிலுள்ள சர்ச் வீதியில் இரு வீடுகள் இடிந்து எழுவர் மாண்ட விபத்து உலகறியச் செய்தது. அதையொட்டி அரசாங்க விசாரணையும் நடைபெற்றது. எனினும் இங்கிருந்த கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1970-களின் பிற்பகுதியில்தான்.

புனருத்தாரணம்: நகரசபை பல்லாண்டுகள் முயன்று செப்பனிட்ட இக்கட்டடம் 2018-இல் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் ஏறி இறங்கிய நடைவழிச் சுவர்களில், கீழே காவிச் சிவப்பும் மேலே சலவை நீலமும் பூசியிருந்தார்கள்; கைபட்டுத் தேய்ந்த அவ்வர்ணங்களைச் சுரண்டியெறியாமல், பிரபு காலத்துச் சுதைவேலைக்குச் செய்த அதே மரியாதையுடன் காப்பாற்றி வைத்திருப்பது, வீட்டின் சரித்திரம் அதில் வாழ்ந்த அனைவருக்கும் உரியது என்னும் தர்மத்தை நிலைநாட்டுகிறது.