பன்னாட்டு நிறுவனங்களில் லஞ்சத்தைத் தடுப்பது எப்படி? சீமென்ஸ் தரும் பாடம்

லஞ்சம் என்றதும் தாலுகா அலுவலகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. கண்ணாடிக் கட்டடங்களில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்களில் அது இருக்காது என்று எண்ணிக்கொள்கிறோம். நம் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய நிறுவனங்களில் கணக்கு, கொள்முதல், விற்பனைப் பிரிவுகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே லஞ்சம் எப்படி நுழைகிறது, எப்படித் தடுக்கப்படுகிறது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம். இதற்கு ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் நடந்தது சிறந்த உதாரணம்.

என்ன நடந்தது?

2006 நவம்பரில் முனிச் நகரில் உள்ள சீமென்ஸ் அலுவலகங்களில் போலீசார் சோதனை நடத்தினர். அதைத் தொடர்ந்து வெளிவந்த தகவல்கள் உலகையே அதிர வைத்தன. 2001 மார்ச் முதல் 2007 செப்டம்பர் வரை பல நாட்டு அரசு அதிகாரிகளுக்கு குறைந்தது 4,283 முறை, மொத்தம் சுமார் 140 கோடி டாலர் லஞ்சம் தரப்பட்டதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. அர்ஜென்டினாவின் அடையாள அட்டைத் திட்டம், பங்களாதேஷின் மொபைல் போன் திட்டம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன.

2008 டிசம்பரில் அமெரிக்க, ஜெர்மன் அதிகாரிகளுடன் சமரசம் ஏற்பட்டது. முன்பே கட்டியதையும் சேர்த்து, நிறுவனம் செலுத்திய தொகை சுமார் 160 கோடி டாலர்.

விதிகள் இல்லாமலா நடந்தது?

இல்லை. விதிகள் இருந்தன. ஒவ்வொரு பணப் பட்டுவாடாவுக்கும் இருவர் கையெழுத்திட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் சில மேலாளர்கள் ஒட்டிப் பிரிக்கக்கூடிய சிறு தாளில் கையெழுத்திட்டு அதை ஆவணத்தின் மேல் ஒட்டினார்கள். விசாரணை வந்தால் அந்தத் தாளை எடுத்துவிடலாம். நிறுவனத்துக்குள்ளேயே ரொக்கப் பணம் தரும் கவுண்டர்களும் இருந்தன. ஊழியர்கள் காலிப் பெட்டியோடு போய்ப் பணத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். மற்றபடி பெரும்பாலான பணம் 'ஆலோசனைக் கட்டணம்' என்ற பெயரில் இடைத்தரகர்கள் வழியாகச் சென்றது.

இதற்கு ஒரு பழைய பின்னணி உண்டு. 1999 வரை, வெளிநாட்டு அதிகாரிகளுக்குத் தரும் லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற ஜெர்மன் சட்டம் இடம் கொடுத்தது. சட்டம் மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

தொலைத்தொடர்புப் பிரிவில் இந்தப் பணத்தைக் கையாண்ட ஒரு மேலாளருக்கு 2008இல் முனிச் நீதிமன்றம் இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 1,08,000 யூரோ அபராதமும் விதித்தது. அவர் தன் சொந்தப் பைக்காக இதைச் செய்யவில்லை. தொழில் கைநழுவினால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. பெரும்பாலும் 'கம்பெனியின் நன்மைக்காக' என்ற பெயரில்தான் நல்ல மனிதர்களும் இதில் சிக்குகிறார்கள். பழி வரும்போது கையெழுத்திட்டவர்தான் கூண்டில் நிற்கிறார்.

தடுக்க என்ன செய்தார்கள்?

முதலில் தலைமை மாறியது. 2007 ஜூலையில் பீட்டர் லோஷர் தலைமை நிர்வாகியானார். வெளியிலிருந்து வந்து அந்தப் பதவியை ஏற்ற முதல் நபர் அவரே.

இரண்டாவதாக, உண்மையைச் சொல்ல வழி திறக்கப்பட்டது. தாமாக முன்வந்து தெரிந்ததைச் சொல்லும் ஊழியர்களை நிறுவனம் வேலைநீக்கம் செய்யாது, அவர்களிடம் இழப்பீடு கேட்காது என்று 2007 இறுதியில் அறிவிக்கப்பட்டது. உயர்மட்ட நிர்வாகிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண்ணும், நிறுவனத்தைச் சாராத ஒரு வழக்கறிஞரும் ஏற்பாடு செய்யப்பட்டனர்.

மூன்றாவதாக, பணம் போகும் பாதை அடைக்கப்பட்டது. வங்கிக் கணக்குகள் தலைமையகத்தின் கண்காணிப்பில் வந்தன. இடைத்தரகர்களை நியமிக்கக் கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

நான்காவதாக, வெளியிலிருந்து கண்காணிப்பு வந்தது. ஜெர்மனியின் முன்னாள் நிதியமைச்சர் தியோ வைகல் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார்.

விதிப் புத்தகம் முன்பும் இருந்தது. அதை மீறினால் மேலே இருப்பவரும் தப்ப முடியாது என்ற நிலை வந்த பிறகே அதற்கு உயிர் வந்தது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். நிறுவனத்துக்காகக் கொடுக்கப்பட்டால் நிறுவனமும் தண்டிக்கப்படும். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அந்தக் குற்றத்திலிருந்து பாதுகாப்பு உண்டு.

வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் சில விஷயங்களைச் சொல்லி வைப்போம். என்ன வேலை நடந்தது என்று தெரியாத பில்லில் கையெழுத்துப் போடாதே. 'ஆலோசனைக் கட்டணம்' என்றால் என்ன ஆலோசனை என்று கேள். வாய்மொழி உத்தரவை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல். 'எல்லோரும் செய்வதுதான்' என்று மேலாளர் சொன்னால், நிறுவனத்தின் புகார்ப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்.

இப்படிக் கேட்பவருக்குப் பதவி உயர்வு தள்ளிப் போகலாம், சில நேரம் வேலையே போகலாம். அந்த நாளில் "ஏன் வம்பை விலைக்கு வாங்கினாய்?" என்று வீட்டில் யாரும் கேட்காமல் இருப்பது நம் பொறுப்பு. ஹலாலான சம்பாத்தியம் வேண்டும் என்று துஆ செய்யும் நாம், அதற்காக ஒரு பிள்ளை இழப்பைச் சந்திக்கும்போது அவன் பக்கம் நிற்க வேண்டும்.