பிடி அரிசியும் ஒரே பந்தியும்

போன மாசம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வெள்ளக்கடையில் இருந்து அம்மாவும் நானும் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டோம். எங்க மலைப்பக்கத்து அறுப்பின் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆராதனை ஒன்றரை மணி நேரம் என்றால் ஏலம் இரண்டரை மணி நேரம் நடக்கும் :-) வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். காபிக்கொட்டை, மிளகு, பலாப்பழம், ராகி, வாழைத்தார், காலைக் கட்டின சேவல். கடைசியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். நூறு ரூபாய் பெறாத பூசணிக்காய் அறுநூறுக்குப் போகும். மச்சானை மச்சான் ஏற்றி விடுவான். அதில் ஒரு சந்தோஷம்.

இந்த முறை ஒரு வயசான பாட்டி பழைய ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அரிசி. கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "பாட்டி, இனிமே இதுக்குப் பதிலா கவர்ல பத்து ரூபா போட்டுடுங்களேன். அரிசிய யாரு எடுக்கறாங்க?"

பாட்டி ஒரு நிமிஷம் அவனையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து ரூபாய நான் வாரத்துல ஒரு நாள் நெனப்பேன் தம்பி. இது ரெண்டு வேளையும் நெனைக்க வெக்கிது."

பையன் பேசாமல் எழுதிக்கொண்டான். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் விளைவுதான் இந்த நீளமான கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடி அரிசி தெரியும்தானே? சோறு வடிக்க அரிசியை அளந்து எடுத்தவுடனே, களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கிற டப்பாவில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்கோ ஏழைகளுக்கோ போகும். இதில் அழகு என்னவென்றால், காசே கையில் புழங்காத பொம்பளைகளும் புருஷனைக் கேட்காமல் கொடுக்க முடிந்த காணிக்கை இது ஒன்றுதான். வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் குறையும், அவ்வளவே. இது நம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்று ஊர் ஊராகச் சொல்லி நடத்தினார். அந்தப் பக்கம் மிசோரத்தில் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் 1910ல் பெண்கள் ஆரம்பித்த இதே கைப்பிடி அரிசி, இன்றைக்கும் அங்கே சபைகளின் பெரிய வருமானங்களில் ஒன்று.

எங்கள் மலையில் ஒரு சிக்கல் இருந்தது. இங்கே அரிசி எங்கே விளைந்தது? மலையாளிச் சனங்களின் சாப்பாடு ராகிக் களி, சாமைச் சோறு. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு அரிசிச் சோறு நல்ல நாளைக்குத்தான். ஆகவே எங்கள் பாட்டி காலத்தில் டப்பாவில் விழுந்தது பாதி நாள் ராகி மாவுதான். பெயர் மட்டும் பிடி அரிசி! 2011ல் ரேஷனில் அரிசி இலவசமான பிறகு ஒரு புதுக் கேள்வி வந்தது: சும்மா வந்த அரிசியைக் கர்த்தருக்குப் போடலாமா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு வாரம் சண்டை நடந்தது. "நமக்கு எல்லாமே சும்மா வந்ததுதான்" என்று அம்மா சொல்லி முடித்து வைத்தார்.

சரி, லுத்தரன் சபைக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்தால், ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1523ல் ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற சின்ன ஊர்க்காரர்கள் சபைக்கு ஒரு பொதுப் பெட்டி வைத்தார்கள். பிச்சை எடுப்பதை நிறுத்திவிட்டு, ஏழை, அநாதை, முடியாதவர் எல்லோரையும் அந்தப் பெட்டியிலிருந்து பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தது லுத்தரேதான். பஞ்ச காலத்துக்கென்று தானியம் சேர்த்து வைப்பதும் அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி.

நம் ஊருக்கு அது கப்பலில் வந்தது. 1706 ஜூலை 9ம் தேதி சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த வருஷமே பள்ளிக்கூடம் வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்போடு சோறும் துணியும் கொடுத்தார்கள். அவர்கள் படித்து வந்த ஹாலே நகரத்தில் பிராங்கே நடத்தின அநாதை இல்லம்தான் மாதிரி. பின்னால் தமிழ்நாடு முழுக்க வந்த மிஷன் போர்டிங்குகளுக்கு எல்லாம் இதுவே மூத்த அக்கா என்று சொல்லலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், சோற்று விஷயத்தில் பெரிய ஆள் ஸ்வார்ட்ஸ் ஐயர்தான். 1750ல் வந்தவர், 1778ல் தஞ்சாவூரில் குடியேறினார். இரண்டு வருஷத்தில் ஹைதர் அலியின் படை வந்துவிட்டது. வயல்கள் எரிந்தன, வாய்க்கால் கரைகள் உடைந்தன, சனம் கோட்டைக்குள் ஓடி வந்தது. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, ஆனால் கொண்டு வர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் ஏன் கொடுக்கவில்லை? ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள். அரண்மனை வாக்கையும் நம்பவில்லை, கம்பெனி வாக்கையும் நம்பவில்லை. கடைசியில் ராஜா ஸ்வார்ட்ஸிடம் வந்து நின்றார். மாட்டுக்காரர்களுக்குக் கூலி கட்டாயம் கிடைக்கும், அதற்கு நான் பொறுப்பு என்று இவர் எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பேசின கூலியையும் மனுஷன் ஒழுங்காகக் கொடுத்துத் தீர்த்தார். அது போக, விலை மலிந்திருந்த நேரத்திலேயே வாங்கிக் கட்டி வைத்திருந்த நெல்லை வைத்து வாசலுக்கு வந்தவர்களுக்குப் பல மாதம் சோறு போட்டார். அவர் 1798ல் இறந்தபோது பின்னால் சரபோஜி மன்னர் லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் பளிங்கு நினைவுச்சின்னம் செய்யச் சொல்லித் தஞ்சாவூர்க் கோயிலில் வைத்தார். அந்தச் சிலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஆயிரம் மாட்டையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு பார்த்தால் நல்லது.

இது வரைக்கும் பெருமை. இனிமேல் வருவது நாம் மேடையில் பேசாத விஷயம்.

பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒன்று. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. முதலாவதைச் சபை சீக்கிரம் கற்றுக்கொண்டது. இரண்டாவதற்கு ரொம்ப காலம் ஆனது. தரங்கம்பாடிக் கோயிலுக்குள்ளேயே சாதிப்படிதான் உட்கார்ந்தார்கள். 1733ல் ஆரோன் என்கிற வேளாளர் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். தஞ்சாவூர்ப் பக்கம் உழைத்த ராஜநாயக்கன் அவருக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை. ஆனால் அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் தயங்குவார்கள் என்று அவருக்குக் குருப்பட்டம் தரவில்லை. நம் லுத்தரன் தமிழில் அந்தச் சடங்குக்கு என்ன பெயர் பாருங்கள். திருவிருந்து! விருந்து என்று பெயர் வைத்துவிட்டு, பரிமாறுகிறவன் யார் என்று பார்த்திருக்கிறோம்.

நூறு வருஷம் கழித்து இந்தப் பந்திச் சண்டை முற்றிப் போனது. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். 1847ல் மதுரை அமெரிக்கன் மிஷன் ஒரு சோதனை வைத்தது: 'அன்பின் விருந்து'. எல்லாச் சாதி ஊழியரும் ஒன்றாக உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிட வேண்டும். மாட்டேன் என்ற எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. வேதபுத்தகத்தைக் கரைத்துக் குடித்த ஆட்கள், ஒரு வாய்ச் சோற்றில் நின்றுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் லுத்தரன்கள் எந்தப் பக்கம்? சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த பெரிய தமிழறிஞர். சாதி என்பது சமூக ஏற்பாடு, அதைச் சட்டம் போட்டு உடைக்கக் கூடாது, சுவிசேஷம் மெதுவாக மாற்றட்டும் என்பது அவர் கட்சி. பிற சபைகளிலிருந்து எழுந்து போனவர்களில் பலர் லுத்தரன் கோயிலுக்கு வந்து சேர்ந்தது அதனால்தான். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? கிரௌல் ஐயாவிடம் என்னால் இப்போது கேட்க முடியாது.

ஆனால் அதே மிஷனுக்குள் இருந்து ஒருவர் எதிர்த்தார். கார்ல் ஓக்ஸ். ஒன்றாகச் சாப்பிட மாட்டேன் என்கிறவனை எப்படி ஒரே சரீரத்தின் அவயவம் என்று சொல்வது என்பது அவர் கேள்வி. 1859ல் லைப்சிக்கை விட்டு வெளியே வந்தார். 1861ல் கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஓர் ஊழியம் தொடங்கி அந்த இடத்துக்கு பெத்தானியா என்று பெயர் வைத்தார். பெத்தானியா எந்த ஊர் ஞாபகம் இருக்கிறதா? மார்த்தாள் அடுப்பங்கரையில் அல்லாடின ஊர், இயேசு சாப்பிட உட்கார்ந்த ஊர். யோசித்துத்தான் வைத்தாரோ என்னவோ! கொஞ்ச நாளில் டென்மார்க்கில் இருந்து டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. அதுதான் பின்னால் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது. அந்த டேனிஷ் மிஷன்தான் சேர்வராயன் மலைக்கும் ஏறி வந்தது. ஆக, எங்கள் மலைக்கு வந்த லுத்தரன் சபையின் பிறப்பே ஒரு பந்தித் தகராறில்தான். இது தெரியாமலே இத்தனை வருஷம் ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் வாங்கியிருக்கிறேன்.

இடையில் 1876-78 பெரும் பஞ்சம். சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் பத்தொன்பது லட்சத்துக்கு மேல் சனம். 1881ல் சுமார் பதினாறு லட்சம். பஞ்ச வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை கணக்குப் போட்டார், அது போதாது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். மிஷன்கள் கஞ்சி ஊற்றின, அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. சபைகளும் பெருகின. அப்போது பிறந்ததுதான் 'கஞ்சிக்குச் சேர்ந்தவன்' என்கிற பேச்சு.

அந்தப் பேச்சு எங்கள் தலைமுறை வரைக்கும் வந்தது, சாமான் மட்டும் மாறியது. 1954ல் அமெரிக்கா பி.எல். 480 சட்டம் கொண்டுவந்த பிறகு கோதுமையும் பால் பவுடரும் சபை அமைப்புகள் வழியாகவும் வந்தன. நான் படித்த பள்ளிக்கூடத்தில் என் பெயரே கொஞ்ச நாள் 'பால்பவுடர்'தான். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். பாட்டி காபித் தோட்டத்தில் நாள் முழுக்கப் பழம் பறித்துவிட்டு வந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆமா, குடிச்சோம். பசிச்சுது, குடிச்சோம். அதுக்காகச் சேரல. எங்கள உள்ள கூப்புட்டு உக்கார வெச்சாங்க, அதுக்குச் சேந்தோம்" என்றார். அவ்வளவுதான். ஊதுகுழலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. கீழ்நாட்டில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், பெயர் வேண்டாம், முதல் பந்தி யாருக்கு, இரண்டாம் பந்தி யாருக்கு என்று வாசலிலேயே ஓர் ஆள் நின்று பிரித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜெபம் செய்துதான் பந்தி ஆரம்பித்தார்கள். அப்பா சாப்பிடாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அந்த வயசில் எனக்கு அது ரொம்ப சந்தோஷமாக இருந்தது, காரணம் புரியப் பத்து வருஷம் ஆனது.

திரும்ப அறுப்பின் பண்டிகைக்கு வருவோம். மதியம் சபை வளாகத்திலேயே சாப்பாடு. இரண்டு அண்டா. சமைத்தவர்கள் வாலிபர் சங்கத்து ஆட்கள், உப்பு கொஞ்சம் தூக்கல். பாயை விரித்து வரிசையாக உட்கார்ந்தோம். என் இடது பக்கம் மலையாளி வீட்டுப் பெரியவர் ஒருவர், சபையில் இல்லாதவர், சேவல் ஏலத்துக்கு வந்தவர். வலது பக்கம் எஸ்டேட் கணக்குப்பிள்ளை. இலையில் சோறு விழுந்ததும் இருவரும் என்னைத் தாண்டி மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் நடுவில் ரசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஹார்லிக்ஸ் டப்பா என்ன ஆனது? இன்னும் நாலைந்து வீட்டு டப்பாக்களோடு சேர்த்து ஒரே பையில் கொட்டி ஏலம் விட்டார்கள். ஐம்பதில் ஆரம்பித்தது. அந்தக் கணக்கு எழுதின பையன் எண்பது என்றான். நான் நூறு என்றேன். அவன் நூற்றைம்பது. விடவில்லை நான், இருநூற்று இருபதுக்கு எடுத்தேன். பையன் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் அம்மா அதை வடிக்கப் பார்த்தார். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, ஒரு கை சாமை கூட இருந்தது. ஒன்று குழைந்தது, ஒன்று வேகவே இல்லை. "இது சோத்துக்கு ஆவாதுடா" என்று சொல்லி, தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கிவிட்டார். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய்.