கேள்விக்குறியான தமிழ்: விண்டோஸ் மென்பொருள்களில் ஒரு பிழையின் வரலாறு

2004ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, புத்தகமெல்லாம் கேள்வி கேக்குது. ஒருக்கா வந்து பாரும்” என்றார்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில், ஒரு வீட்டின் நிலவறையில் நாங்கள் சிலர் சேர்ந்து சிறிய நூலகம் ஒன்றை நடத்தி வந்தோம். மாஸ்டர்தான் அதற்குப் பொறுப்பு. ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். அலமாரியில் இருந்த நூல்களைவிட அவரிடம் இருந்த ஒரு பட்டியல்தான் பெறுமதியானது. பாரிஸ், ஒஸ்லோ, லண்டன், சிட்னி என்று சிதறிப்போனவர்களின் வீடுகளில் பழைய ஈழத்து நூல்கள் எவை எவை இருக்கின்றன, யாரிடம் இருக்கின்றன என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. அதைக் கணினியில் ஏற்றுவதற்கு விசுவல் பேசிக் 6இல் மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான்.

போய்ப் பார்த்தேன். நூலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. ஆசிரியர் பெயரும் அப்படியே. வெளியான ஆண்டு மட்டும் சரியாக இருந்தது. எழுத்துரு இல்லாத கோளாறு என்று எண்ணி லதா எழுத்துருவைப் போட்டேன், மாறவில்லை. அப்போது நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “இது வெறும் தோற்றப் பிழை மாஸ்டர். உள்ளுக்குள்ள எழுத்தெல்லாம் பத்திரமா இருக்கு. அடுத்த கிழமை வந்து திருத்தித் தாறன்.”

அது பிழை. அது எப்படிப் பிழையானது என்று விளங்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. விளங்கிய பிறகு பார்த்தால், அதற்குள் ஒரு நீண்ட வரலாறே இருந்தது.

விண்டோஸ் திரையில் தமிழ் கெட்டுத் தெரிவதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒன்று, சதுரப் பெட்டிகளாகத் தெரியும். அல்லது ஏதோ ஐரோப்பிய மொழிக் கிறுக்கலாகத் தெரியும். அல்லது கேள்விக்குறியாகத் தெரியும். பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான், தமிழ் தெரியவில்லை, அவ்வளவே. நிரல் எழுதுபவருக்கு இந்த மூன்றும் காய்ச்சல், எலும்பு முறிவு, மரணம் போல வேறு வேறு.

பெட்டி என்றால் எழுத்து உள்ளே இருக்கிறது, வரைந்து காட்ட எழுத்துருதான் இல்லை. எழுத்துருவை மாற்றினால் சரி. கிறுக்கல் என்றால் எழுத்தின் எண்கள் பத்திரமாக இருக்கின்றன, மென்பொருள் அவற்றைப் பிழையான அட்டவணையை வைத்து வாசிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். அதை மேற்கு ஐரோப்பிய அட்டவணையால் வாசித்தால், முதல் பைட் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ ஆகவும் இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் ஆகவும் தெரியும். வட்டத்துக்குள் ஆர் என்பது பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி. எங்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் யாரோ வணிக முத்திரை குத்திவிட்டதுபோல இருக்கும். வேடிக்கையாக இருந்தாலும் இதையும் மீட்கலாம்.

கேள்விக்குறி அப்படியல்ல. அது கணினி தானே எழுதிய எழுத்து. ‘இதற்கு என்னிடம் இடம் இல்லை’ என்று முடிவு செய்து, வந்த எழுத்தை எறிந்துவிட்டு, அதன் இடத்தில் 63ஆம் எண்ணை வைத்துவிடும். 63 என்பது கேள்விக்குறியின் எண். பழையது எது என்பதற்குத் தடயம் இல்லை.

ஏன் இடம் இல்லை? 1995இல் வந்த விண்டோஸ் 95 எழுத்துகளை ஒரு பைட் அட்டவணைகளில் வைத்திருந்தது. ஓர் அட்டவணையில் 256 இடங்கள். முதற்பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி அந்தந்த மொழிக்கு. மேற்கு ஐரோப்பாவுக்கு 1252, ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, அரபிக்கு 1256, தாய் மொழிக்கு 874. தமிழுக்கு எண் இல்லை. இந்திக்கும் இல்லை. 1993இல் வெளியான விண்டோஸ் என்டி அடித்தளத்திலேயே யூனிகோட்டில் கட்டப்பட்டது. ஆனால் பழைய மென்பொருள்கள் ஓட வேண்டுமே என்பதற்காக, எழுத்தைக் கையாளும் செயற்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வைத்தார்கள். ஏ என்று முடிவது பழைய ஒரு பைட் அட்டவணைக்காரருக்கு, டபிள்யூ என்று முடிவது யூனிகோட்காரருக்கு. 2000ஆம் ஆண்டு விண்டோஸ் 2000இல் தமிழ் முறைப்படி நுழைந்தபோது டபிள்யூ வாசலால் மட்டுமே நுழைந்தது. ஏ வாசலில் அதற்கு அப்போது கதவு திறக்கவில்லை.

இதைத் தமிழுக்குச் செய்த சதி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2000இல் புதிதாக ஒரு பழைய அட்டவணையைச் செய்வதில் அர்த்தம் இருக்கவில்லை. ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் என்னைப்போல ஏ வாசலில் நின்று மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்களும், எங்களை நம்பியவர்களும்தான்.

கதவு திறக்காத அந்த ஆண்டுகளில் தமிழர் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசைச் செய்தார். கனடாவில் கே. சீனிவாசன் ஆதமியையும் பிறகு விண்டோசுக்கு ஆதவினையும் செய்தார். சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார்; 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் முதலாவது தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். தமிழ்க் கணினியின் முதல் பத்தாண்டுகளைப் புலம்பெயர்ந்த தேசங்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

எல்லோரும் செய்தது அடிப்படையில் ஒரு தந்திரம். ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, அதன் படத்தை மட்டும் தமிழாக மாற்றுவது. ஈழத்தவர் அதிகம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றினால் அதுதான் தெரியும். விண்டோசுக்குத் தமிழ் என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. தெரியாததால் அதைத் தடுக்கவும் இல்லை.

இதற்குள்ளும் கோளாறுகள் இருந்தன. உலகெங்கும் இருந்த தமிழர் மின்மடற்குழுவில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி குறியேற்றத்தில் ‘இ’ 173ஆம் இடத்தில் இருந்தது. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அந்த இடம், சொல்லை வரி முடிவில் உடைக்கும்போது மட்டும் தெரிய வேண்டிய மறைகோட்டுக்கு உரியது. ஆகவே பல மென்பொருள்களில் ‘இ’ காணாமல் போனது. ‘இலங்கை’ ‘லங்கை’ ஆனது. பிறகு ‘இ’யை 254ஆம் இடத்துக்கு மாற்றினார்கள். 1999இல் சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்று வேறு இரண்டு தரங்களை அறிவித்தது. எங்கள் ஆட்கள் பாமினியிலேயே இருந்தார்கள். ஒவ்வொருவர் கோப்பும் மற்றவருக்குக் கிறுக்கல்.

யூனிகோட் வந்தால் இதெல்லாம் தீரும் என்றார்கள். தீர்ந்தது உண்மை, ஆனால் உடனே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் தெரிய வேண்டுமானால் கட்டுப்பாட்டகத்தில் ஒரு பெட்டியில் சரி போட்டு, நிறுவற் குறுந்தட்டையும் செருக வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டும் வேலையை யூஎஸ்பி10 என்ற டிஎல்எல் கோப்பு செய்தது. அதன் புதிய பதிப்பை எங்கிருந்தோ எடுத்துப் பழையதன் மேல் எழுதினால், விண்டோஸ் தன் கோப்பைப் பாதுகாப்பதாக எண்ணிப் பழையதையே திரும்ப வைத்துவிடும். மென்பொருள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே ஒரு படியைப் போட்டு ஏமாற்றினோம். அந்தக் காலத்தில் இப்படியான கைவைத்தியங்கள் ஏராளம்.

மைக்ரோசொஃப்டில் இந்தச் சிக்கல்களை நன்கு அறிந்த ஒருவர் இருந்தார். மைக்கேல் கப்லான். தமிழர் அல்லர், ஆனால் தமிழ் எழுத்துகள் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியவர். நாமே விசைப்பலகை செய்துகொள்ள உதவிய கருவி அவருடையது. விசுவல் பேசிக்கைப் பன்மொழிக்குப் பழக்குவது எப்படி என்று ஒரு தடித்த புத்தகமும் எழுதினார். 2015இல் காலமானார். அந்தப் புத்தகத்தை நான் முன்னரே வாசித்திருக்கலாம்.

ஏனென்றால் என் பிழை அதற்குள்தான் இருந்தது. விசுவல் பேசிக் 6 தன் வயிற்றுக்குள் எழுத்தை யூனிகோட்டாகவே வைத்திருந்தது. ஆனால் திரையில் வைக்கும் எழுத்துப் பெட்டிகள் ஏ வாசல்காரர். அக்ஸஸ் தரவுத்தளத்தில் இருந்து தமிழ் நலமாக வரும், நிரலின் மாறியில் நலமாக இருக்கும், பெட்டிக்குள் போடும் கணத்தில் 1252 அட்டவணையால் வடிகட்டப்படும். அங்கே தமிழ் இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் 63 ஆகும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் கேள்விக்குறிக்குத்தான் சட்டை மாறும். ஒஃபிஸ் மென்பொருளோடு வந்த வேறொரு வகைப் பெட்டி யூனிகோட்டை ஏற்கும். ஆனால் அதை எங்கள் மென்பொருளோடு சேர்த்து விநியோகிக்க அனுமதி இல்லை.

2001இல் எழுதிய முதற்பதிப்பு பாமினியில் ஓடியது. ஒரு கோளாறும் இல்லை. 2004இல் ‘இனி யூனிகோட்தான்’ என்ற ஆர்வத்தில் பட்டியலை மாற்றினேன். புதிய பதிவுகளை மாஸ்டர் நேரடியாக அக்ஸஸ் அட்டவணையிலேயே அடித்துவந்தார், அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. பிறகுதான் என் மென்பொருளைத் திறந்திருக்கிறார். அதில் ‘அடுத்தது’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அடுத்த பதிவு வரும். பயனர் சேமிக்க மறந்துவிடுவார் என்ற கரிசனையில், அதற்கு முன் திரையில் உள்ளதைத் தரவுத்தளத்தில் எழுதும்படியும் நான் செய்திருந்தேன்.

‘பத்திரமா இருக்கு’ என்று நான் சொன்னதை நம்பி, கோளாறு எந்தெந்தப் பதிவுகளில் இருக்கிறது என்று எனக்குக் குறித்துத் தருவதற்காக, மாஸ்டர் அந்தக் கிழமை முழுவதும் இருந்து ஒவ்வொரு பதிவாக ‘அடுத்தது’ அழுத்தியிருக்கிறார். அழுத்த அழுத்த ஒவ்வொரு நூலும் அழிந்தது.

விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “அப்ப இருந்ததுதானே இப்ப இல்லை?” என்று மட்டும் கேட்டார். 1981 பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான்தான் நினைத்துக்கொண்டேன்.

பாதிக்கு மேல் மீண்டது. 2001இன் பாமினிக் கோப்பு ஒரு நெகிழ்தட்டில் அப்படியே இருந்தது. ஆங்கில எழுத்து வேடத்தில் இருந்ததால் எந்த வாசலிலும் யாரும் அதைத் தொடவில்லை. முறையான பத்திரத்தோடு வந்த தமிழ்தான் வாசலில் செத்தது. தரப்படுத்தலுக்காக அன்று வாதாடிய எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை. இப்போதும் அதே பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மீதியை மீட்க மாஸ்டரே வழி கண்டார். ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி. இடைவெளி, புள்ளி, எண்கள் அப்படியே. யூனிகோட்டில் மெய்யின் புள்ளியும் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘தமிழ்’ ஐந்து கேள்விக்குறி, ‘யாழ்ப்பாணம்’ பதினொன்று. ஒன்பது, இடைவெளி, எட்டு என்றால் ‘யாழ்ப்பாண வைபவமாலை’. பதினொன்று, இடைவெளி, பத்து என்றால் ‘யாழ்ப்பாணச் சரித்திரம்’. அந்தப் பெயரில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்களே என்றேன். ஆசிரியர் பெயரை எண்ணும் என்றார். பத்து என்றால் இராசநாயகம். இருபத்தொன்று என்றால் முத்துத்தம்பிப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீரோடு இருந்து நான் எண்ண, அவர் நினைவில் இருந்து சொல்ல, தெரியாதவற்றுக்கு ஒஸ்லோவுக்கும் பாரிசுக்கும் மீண்டும் தொலைபேசி எடுத்தோம். இதற்கிடையில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் வீட்டு நூல்கள் என்னவாயின என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

2019இல் விண்டோஸ் 10 நோட்பேட் புதிய கோப்புகளைத் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியது. அதற்கு முன் தமிழில் எழுதி, வடிவத்தை மாற்றாமல் சேமிக்கப்போனால் ‘சில எழுத்துகள் இழக்கப்படும்’ என்று எச்சரிக்கும். நாங்கள் வாசியாமல் சரி என்று அழுத்துவோம். பழைய கணினிகளில் அப்பா அம்மாவின் கோப்புகளைத் திறப்பவர்கள் இப்போதும் இருக்கிறீர்கள். பெட்டி தெரிந்தால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். கிறுக்கல் என்றால் படி ஒன்று எடுத்து வைத்துவிட்டுக் குறியேற்றத்தை மாற்றிப் பாருங்கள். கேள்விக்குறி தெரிந்தால் எதையும் அழுத்தாமல், சேமிக்காமல் மூடுங்கள். அழிவு இன்னும் திரையோடு நின்றிருக்கக்கூடும்.

மாஸ்டரின் பட்டியலில் இன்றும் திறக்காத பதிவுகள் சில உண்டு. ஒன்றில் ஆறு கேள்விக்குறி, இடைவெளி, ஒன்பது கேள்விக்குறி, பிறகு 1958. முதற்சொல் ‘இலங்கை’ என்று மாஸ்டர் உறுதியாகச் சொல்கிறார். ‘நாடகம்’ என்றாலும் ஆறுதான்.