சவலைக் குட்டியும் தயிர்ச்சோறும்

"நல்லாத்தான் திங்குது, தட்டைக் காலி பண்ணிடுது. ஆனா உடம்பு தேறவே மாட்டேங்குது."

பூனைக்குட்டி வளர்க்கும் மதுரைக்காரர்கள் பலரிடம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒரு குட்டி போதுமான அளவு சாப்பிடுகிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? காலியான தட்டை வைத்தா, உப்பிய வயிற்றை வைத்தா? கேட்க சின்னக் கேள்விதான். கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தால் இதற்குள் விஜயநகரத்துக் கதையும், நெல் சேமித்த குலுக்கையும், குன்னூர் ஆய்வகத்து எலிகளும் வந்து நிற்கின்றன. அந்த வழியாகவே போகலாம்.

முதலில் சொற்கள்

தமிழில் பூனைக்குப் பழைய பெயர் வெருகு. அதைப் பூசை என்றும் சொல்வது வழக்கம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் குறிக்கிறது. அதே மரபியல், எந்த விலங்கின் இளமைக்கு என்ன பெயர் என்றும் ஒரு கணக்குக் கொடுக்கிறது. மூங்கா (கீரி), வெருகு, எலி, அணில் ஆகிய நான்குக்கும் இளமைப் பெயர் குட்டி. பறழ் என்று சொன்னாலும் தப்பில்லை. தின்பவனுக்கும் தின்னப்படுபவனுக்கும் ஒரே பெயர்!

இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமான சொல் ஒன்று உண்டு: சவலை. கைக்குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடி கர்ப்பமாகி, பால் வற்றி, அதனால் மெலிந்துபோகும் பிள்ளையைத்தான் சவலைப் பிள்ளை என்கிறோம். கன்றுக்கும் சொல்வதுண்டு. நோஞ்சான் என்பது வேறு, அது பொதுவாக மெலிந்து வலுவில்லாதது. சவலை அப்படி இல்லை, ஒழுங்காகப் பிறந்து, பிறகு ஊட்டம் கிடைக்காமல் போனது. மெலிவின் காரணத்தையும் சேர்த்தே சொல்லும் சொல் இது.

தெருப்பூனைகளிடம் இதை அப்படியே பார்க்கலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய்ப்பூனை அடுத்த சினைக்குப் போய்விடும். குட்டிகளைச் சீறி விரட்ட ஆரம்பிக்கும். அப்படி விரட்டப்பட்ட குட்டிதான் பெரும்பாலும் நம் வாசலில் வந்து கத்துகிறது. நம் கைக்கு வருவதே பாதி சவலையாகத்தான் வருகிறது.

ராஜா பார்த்த பூனை

குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று அரசாங்கமே சோதனை போட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். தெனாலிராமன் பூனை. எலித் தொல்லை தாங்காமல் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக் காலம் 1509-1529) ஆளுக்கொரு பூனைக்குட்டியும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைக்கிறான். வாய் வெந்த குட்டி அதன்பிறகு பாலைக் கண்டாலே ஓடுகிறது. சோதனை நாளில் மற்ற பூனைகள் எல்லாம் கொழுகொழு, இவனுடையது மட்டும் எலும்பும் தோலும்.

இது நாட்டார் கதை, சரித்திர ஆதாரம் இல்லை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, ராஜாவின் அளவுகோல் கண் மட்டும்தான். குண்டு என்றால் பாஸ், ஒல்லி என்றால் ஃபெயில். இரண்டாவது, கதை சொன்னவர்களுக்குப் பூனையின் குணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. வாய்ப் புண்ணோ குமட்டலோ ஒரு சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டால், பூனை அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும். இன்றைக்குக் கால்நடை மருத்துவர்களும் சொல்வது இதுதான். குட்டி தட்டுக்கிட்ட வந்து மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போனால் அது 'பிகு' பண்ணுதுன்னு நினைக்கக் கூடாது. வாயைத் திறந்து பார்க்கணும்.

குலுக்கையும் கிண்ணமும்

"எங்க பாட்டி வீட்டுப் பூனை வெறும் தயிர்ச்சோறு தின்னுதான் பத்து வருஷம் இருந்துச்சு" என்று யாராவது சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பாட்டி வீட்டில் வேறு என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் வைகைக்குத் திரும்பியது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், மேலூர் பக்கம் வரை, நெல் விளைச்சல் நிலைபெற்றது. வீட்டுக்கு வீடு குலுக்கை, குதிர், மூட்டை. நகரத்துக்குள் நெல்பேட்டை என்று ஒரு பகுதிக்குப் பெயரே இருக்கிறது. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அந்த வீட்டுப் பூனை ராத்திரி என்ன சாப்பிட்டது என்பதைப் பாட்டி பார்க்கவில்லை. காலையில் அது கிண்ணத்துச் சோற்றை நக்குவதை மட்டும்தான் பார்த்தார்.

அன்றைக்குப் பூனையை வைத்திருந்ததே அந்த ராத்திரி வேலைக்காகத்தான். பிளேக் காலத்தில் இது வெளிப்படையாகவே பேசப்பட்டது. அமராவதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கானன் என்ற ராணுவ மருத்துவ அதிகாரி, பிளேக்கைத் தடுக்கப் பூனை வளருங்கள் என்று 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நம்ம பக்கமும் பிளேக் எட்டிப் பார்க்காத ஊர் இல்லை. அப்போது மதுரை மாவட்டத்தோடு இருந்த கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த பிளேக் ஆய்வு 1934-ல் வெளியானது.

ஆக, கிண்ணத்தில் வைத்த தயிர்ச்சோறு அந்தப் பூனையின் முழுச் சாப்பாடு இல்லை. வீட்டை விட்டுப் போகாமல் இருக்க நாம் கொடுத்த கைக்காசு மாதிரி. சம்பளத்தை அது குலுக்கைக்கு அடியில் தானே எடுத்துக்கொண்டது.

2011-ல் பிளாண்டிங்கா என்பவரும் கூட்டாளிகளும், தானாக வேட்டையாடித் திரியும் பூனைகள் உண்பவற்றைத் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள். அவற்றின் ஆற்றலில் சுமார் 52 சதவீதம் புரதத்திலிருந்தும், 46 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வருகிறது. மாவுச்சத்து வகையிலிருந்து வெறும் 2 சதவீதம். ஒரு கிண்ணம் சோற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய தலைகீழ்.

குன்னூரில் தராசு

கண்ணை நம்பாமல் தராசை நம்பும் வழக்கத்துக்கு நம் மாநிலத்திலேயே ஒரு முக்கியமான அத்தியாயம் உண்டு. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறு பிரிவு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுதான்.

மெக்கேரிசன் இளம் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதைக் கொடுத்து வளர்த்தார். பிறகு எடை போட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை மாகாணச் சாப்பாட்டில் வளர்ந்தவை 155 கிராம். வரிசையில் கடைசி நாம்தான்.

அந்த எலிகளைத் தனியாக ஒரு கூண்டில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. சாப்பிட்டன, ஓடின, உயிரோடு இருந்தன. பக்கத்துக் கூண்டோடு ஒப்பிட்டு, எண்ணை எழுதி வைத்ததால்தான் குறை தெரிந்தது. வளரும் உயிருக்கு 'உயிரோடு இருக்கு' என்பது போதுமான சாட்சி இல்லை.

பாலும் போதவில்லை

மெக்கேரிசன் கணக்கில் பால் பெரிய மதிப்பெண் வாங்கியது. பூனைக்கு அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. தாய்ப்பூனையின் பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் இல்லை. அதோடு பசும்பாலின் சர்க்கரையான லாக்டோஸ் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

1975-ல் ஹேய்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் உடனிருந்தவர்களும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பால் புரதமான கேசீனை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை கெட்டுப்போயிருந்தது. காரணம் டாரின் என்ற சத்துக் குறைவு. 1987-ல் பியோன் குழுவினர், அதே குறைவு பூனையின் இதயத்தைப் பலவீனமாக்கி வீங்க வைக்கிறது என்று காட்டினார்கள். நமக்கும் நாய்க்கும் உடம்பே டாரினைத் தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவு முடியாது. இறைச்சியிலும் மீனிலும் எலியிலும் அது இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை.

சோறு விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. வெந்த மாவுச்சத்தைப் பூனையால் செரிக்க முடியும். ஆனால் சோறும் பாலுமே முழுச் சாப்பாடு என்றால், வயிறு நிறையும், உடம்பு வளராது.

உப்பிய வயிறு

நம் கண்ணை அதிகம் ஏமாற்றுவது வயிறுதான். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கி இறந்துகொண்டிருந்த குழந்தைகளின் நோயை ஆராய்ந்தார். 1935-ல் லான்செட் இதழில் அதற்கு அந்த ஊர் மக்கள் வைத்த பெயரையே பயன்படுத்தினார்: குவாஷியார்க்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடத்தை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். நம்ம சவலைதான்! கண்டம் தாண்டி இரண்டு மொழிகள் ஒரே விஷயத்தைக் கவனித்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. அந்தக் குழந்தைகளின் வயிறு ஒட்டியிருக்கவில்லை, உப்பியிருந்தது.

பூனைக்குட்டியில் உப்பிய வயிறு பெரும்பாலும் குடல் புழு. முதுகெலும்பு கையில் முள்ளாகக் குத்தும், வயிறு மட்டும் பந்து மாதிரி இருக்கும். "பாருங்க, எப்படித் தின்னுருக்கு" என்று நாம் சந்தோஷப்படுவோம்.

கையும் எண்ணும்

1997-ல் டாட்டி லாஃப்ளாம் என்ற கால்நடை மருத்துவர் பூனைக்கான 9 படி உடல் நிலை அட்டவணையை வெளியிட்டார். பார்ப்பதோடு தடவியும் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. விலா எலும்புகள் மெல்லிய துணிக்கு அடியில் இருப்பதுபோல் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். துருத்தி நின்றால் குறைவு, தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் அதிகம். 5 என்பது சரியான நடு. பெரிய பூனைகளை வைத்து உருவான அட்டவணை என்பதால், குட்டிக்கு இதோடு எடையும் சேர வேண்டும்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் என்பது மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. 2022-ல் அமெரிக்க வீட்டுப் பூனைக்குட்டிகளை வைத்து முறையான வளர்ச்சி வரைபடங்களே வந்துவிட்டன. மதுரைத் தெருக்குட்டி அந்த எண்ணைத் தொடாமல் போகலாம், அதில் பயமில்லை. குட்டி தன் கோட்டிலேயே மேலே போகிறதா, நின்றுவிட்டதா, இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

சமையலறைத் தராசு போதும். ஒரு டப்பாவில் உட்கார வைத்து, ஒரு மாதம் வரை தினமும், பிறகு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பார்த்து காலண்டரில் எழுதுங்கள். ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டால் பெரிய பூனையைவிட குட்டிக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். வயிறோ சின்னது. அதனால் ஒரே தடவையில் நிறைய வைக்காமல் நான்கு வேளையாகப் பிரித்து வைப்பது நல்லது. முதன்மையான சாப்பாடு குட்டிகளுக்கான முழுமையான தீவனமாக இருக்கட்டும். கூடவே கோழி கொடுத்தால் உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணியையும் சேர்த்தே கொடுங்க. டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். பால்குடிக் குட்டி இரண்டு நாள் எடை ஏறாமல் நின்றாலோ, வளர்ந்த குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இன்றைக்கு மதுரை அடுக்குமாடி வீடுகளில் குலுக்கை இல்லை. அரிசி 25 கிலோ சிப்பத்தில் வருகிறது, எலி வந்தால் பசை அட்டை வைக்கிறோம். பூனை மட்டும் உள்ளே இருக்கிறது, ஜன்னலுக்கு வலையும் அடித்தாச்சு. பாட்டி காலத்துப் பூனை ராத்திரியில் தானே தேடிக்கொண்ட அந்த இன்னொரு சாப்பாட்டை இப்போது கொடுக்க வேண்டியவர்கள் நாம் மட்டும்தான்.