பைக், காரில் எல்இடி பல்பு மாத்தப் போறீங்களா? ஹெட்லைட்டில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

இரவில் இருவழிச் சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். எதிரே வரும் கார் லோ பீமில்தான் வருகிறது. ஆனாலும் கண் கூசுகிறது. அந்த ரெண்டு மூணு விநாடிக்கு, ரோட்டோரம் ஆள் நடக்குறாங்களா, மாடு நிக்குதா, எதுவுமே தெரியாது. பல நேரங்களில் இதற்குக் காரணம், ஹாலோஜன் பல்புக்காகச் செய்யப்பட்ட ஹெட்லைட்டில் எல்இடி பல்பை மாட்டியிருப்பதுதான்.

பல்பு மட்டும் மாறினால் என்ன ஆகும்?

நம்ம ஊர் கார்களில் அதிகம் இருப்பது 60/55 வாட் ஹெச்4 பல்பு. உள்ளே இரண்டு இழைகள். லோ பீம் இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்தே பின்னால் உள்ள ரிஃப்ளெக்டரும் வளைக்கப்பட்டிருக்கிறது. எல்இடி பல்பில் இழை கிடையாது, பட்டையான தண்டின் இரு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். அந்த சிப் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும். ஓட்டுபவருக்கு 'செம வெளிச்சம்' மாதிரி தெரியும். ஆனால் தூரத்துக்குப் போக வேண்டிய ஒளி, பக்கத்து மரத்திலும் எதிரே வருபவர் முகத்திலும் விழுந்துகொண்டிருக்கும்.

அட்டைப் பெட்டியில் '20,000 லூமென்' என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். ஹெச்4 ஹாலோஜன் ஹை பீமில் தருவதே சுமார் 1,650 லூமென்தான்.

சட்டமும் கறாராகத்தான் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இண்டிகேட்டர் ஏன் வேகமா அடிக்குது?

எல்இடி மாற்றியதும் பலரும் மெக்கானிக்கிடம் ஓடுவது இதற்காகத்தான். 21 வாட் பல்பு இருந்த இடத்தில் சில வாட் மட்டுமே இழுக்கும் எல்இடி வந்ததும், 'ஒரு பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சு' என்று ஃபிளாஷர் தப்பாக நினைத்துக்கொள்கிறது. பைக்கில் எல்இடிக்கான ரிலே மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதிய கார்களில் தனி ரிலே இருக்காது என்பதால் ரெசிஸ்டர் போடுவார்கள். அது நன்றாகச் சூடாகும். பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ ஒட்டாமல், உலோகத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

பிரேக் லைட்டில் இன்னும் கவனம் தேவை. டெயில் லைட்டுக்கு மங்கலாகவும் பிரேக் அடித்தால் பளிச்சென்றும் எரிய வேண்டிய பல்பு அது. மலிவான எல்இடிகளில் இந்த வித்தியாசமே சரியாகத் தெரியாது. நீங்கள் பிரேக் போட்டது பின்னால் வரும் லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? சிவப்பு கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும். நம்பர் பிளேட் லைட்டில் இந்தத் தலைவலி எல்லாம் குறைவு.

பழைய பைக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து அல்லாமல் நேராக ஏசி மின்சாரம் போகும். அதில் சாதாரண எல்இடி மினுக்கும், சீக்கிரம் போய்விடும்.

வெளிச்சம் பத்தலையா? முதலில் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் படிந்திருக்கிறதா பாருங்க. பாலிஷ் போட்டு, புது ஹாலோஜன் பல்பு மாட்டினாலே பலருக்குப் போதும். எந்த பல்பு போட்டாலும், சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, தெளிவாகத் தெரிய வேண்டும். சுவர் முழுக்க வெளிச்சம் பரவியிருந்தால் அந்த பல்பைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.