மூத்த பிளினியும் உழைப்போரின் கைகளும்

புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஆராயப் புகும் நாம் பெரும்பாலும் பேரரசர், ஆளுநர், போர்கள் ஆகியவற்றின் வரலாற்றையே நாடுகிறோம். அக்காலத்து மக்கள் மாவை எவ்வாறு புளிக்கவைத்தனர், தைலத்தை எதில் அடைத்துவைத்தனர், பொன்னை எங்ஙனம் தோண்டினர் என்பன நம் கருத்தை அத்துணை ஈர்ப்பதில்லை. இவ்வினாக்களுக்கு விடைதரும் உரோம நூல் ஒன்றுண்டு. அது மூத்த பிளினி இலத்தீன் மொழியில் யாத்த 'இயற்கை வரலாறு' ஆகும். அதனை எவ்வாறு வாசித்துப் பயன்கொள்ளலாம் என்பதை ஈண்டு நோக்குவோம்.

பிளினி கி.பி. 23 அல்லது 24ஆம் ஆண்டில் வட இத்தாலியாவிலுள்ள கோமும் நகரில் பிறந்தார். ரைன் ஆற்றங்கரையில் குதிரைப்படை அதிகாரியாகவும், ஸ்பானியாவில் பேரரசரின் நிதி அலுவலராகவும், இறுதியில் மிசேனும் துறைமுகத்தில் கடற்படைத் தலைவராகவும் பணியாற்றினார். இத்துணை அலுவல்களுக்கிடையே, உணவருந்தும் வேளையிலும் பிறர் நூல் வாசிக்கக் கேட்டுக் குறிப்பெடுத்து வந்தார் என்றும், 160 குறிப்பேடுகளை விட்டுச் சென்றார் என்றும் அவருடைய சகோதரியின் மகனாகிய இளைய பிளினி தம் கடிதமொன்றில் எழுதியுள்ளார். 37 புத்தகங்களைக் கொண்ட 'இயற்கை வரலாறு' கி.பி. 77இல், பின்னர்ப் பேரரசரான தைட்டஸுக்குப் படைக்கப்பெற்றது. ஏறத்தாழ 2,000 நூற்சுருள்களிலிருந்து 20,000 செய்திகளைத் திரட்டியதாக ஆசிரியர் அதன் முன்னுரையில் கூறுகிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, கரையில் சிக்கியோரை மீட்கக் கப்பல்களுடன் சென்ற அவர் ஸ்தாபியே கடற்கரையில் உயிர்நீத்தார்.

உரோமக் கற்றோர் கைத்தொழிலை மதித்தவர் அல்லர். கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்னும் நூல், கைவினைஞர் தொழிலனைத்தும் இழிவானது என்றும், பட்டறையில் உயர்குடிப் பண்பு எதுவும் இருத்தல் இயலாது என்றும் கருதுகிறது. பிளினியோ அந்தப் பட்டறைக்குள் நுழைந்து நோக்குகிறார். நாணற்புல்லிலிருந்து எழுதும் தாள் செய்யும் முறையும், சிப்பியினத்திலிருந்து இரத்தாம்பரச் சாயம் எடுக்கும் முறையும், கண்ணாடி உருக்கும் முறையும் அவருடைய நூலில் இடம்பெறுகின்றன.

அப்பத்தைப் பற்றி அவர் தரும் செய்திகள் குறிப்பிடத்தக்கவை. மக்கெதோனிய மன்னன் பெர்சேயுடன் நடந்த போர்க்காலம் (கி.மு. 171-168) வரை உரோமில் அப்பம் சுடுவதைத் தொழிலாகக் கொண்டோர் இருந்ததில்லை, வீட்டுப் பெண்டிரே அதனைச் செய்துவந்தனர் என்கிறார். சிறுதானிய மாவைப் புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றில் பிசைந்து, ஓராண்டுக்கு வேண்டிய புளிப்பைச் சேர்த்துவைக்கும் முறையை விளக்குகிறார். ஆயினும் தம் காலத்தில் முந்தின நாள் மாவில் சிறிது எடுத்துவைத்து மறுநாள் மாவில் சேர்ப்பதே பெருவழக்கு என்றும் குறிக்கிறார். கொரிந்து சபையாரிடம் பழைய புளித்தமாவை அகற்றும்படி பவுல் கூறியபோது, அதனைக் கேட்டோர் எதனை நினைத்திருப்பர் என்பது இதனால் விளங்கும். அது அரும்பொருளன்று, அடுக்களையில் நேற்று எஞ்சிய மாவே.

நளதத் தைலத்தைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். நளதக் கதிர் இராத்தல் ஒன்றுக்கு 100 தெனாரியம் விலைபெற்றது என்றும், தைலங்கள் சில 400 தெனாரியத்துக்கும் மேற்பட்டன என்றும், அவை வெள்ளைக்கல் பரணியில் நன்கு நிலைக்கும் என்றும் பிளினி எழுதுகிறார். பெத்தானியாவில் ஊற்றப்பட்ட தைலத்துக்கு நற்செய்தியாளர் கூறும் முந்நூறு பணம் மிகைக்கூற்றன்று என்பது தெளிவு.

ஆயின் பிளினி கூறுவன யாவும் உண்மையென ஏற்றல் தகாது. அவர் தம் கண்ணால் கண்டதும், நூலில் படித்ததும், வழிவழி கேட்டதும் ஒருங்கே கலந்து கிடக்கின்றன. முசிறித் துறைமுகத்தையும், பாண்டியனின் மதுரையையும், மிளகின் விலையையும் குறித்த அதே நூலில், நாய்த்தலை கொண்ட மாந்தர் இந்திய மலைகளில் வாழ்வதாகவும் எழுதியுள்ளார். 1492இல் இத்தாலிய மருத்துவ அறிஞர் லியோனிசேனோ பிளினியின் பிழைகளைத் தொகுத்துத் தனி நூலே வெளியிட்டார்.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது 33ஆம் புத்தகத்தில் வரும் பொற்சுரங்கப் பகுதி. ஸ்பானியாவில் மலையைக் குடைந்து உள்ளே செல்வோர் விளக்கொளியில் வேலைசெய்தனர். விளக்கு எரியும் நேரமே அவர்தம் வேலைநேரத்துக்கு அளவு. பல மாதங்கள் பகலொளியை அவர்கள் கண்டதில்லை. உடைத்த பாறையை இரவும் பகலும் தோள்மேல் சுமந்து, இருளில் ஒருவர் அடுத்தவரிடம் கொடுப்பர். வரிசையின் கடைசியில் நிற்போர் மட்டுமே வெளிச்சத்தைக் காண்பர். இறுதியில் மலையே சரிந்து விழும். அவ்வாறு சரிக்கப்பட்ட குன்றுகளை வடமேற்கு ஸ்பெயினின் லாஸ் மெதுலாஸ் என்னுமிடத்தில் இன்றும் காணலாம்.

பொன்னாசையைப் பிளினி கடுமையாகக் கண்டித்தார். பொன் மனித வாழ்விலிருந்தே அகன்றுபோதல் நலம் என விரும்பினார். எனினும் அச்சுரங்கத்தில் பாறை சுமந்தோருள் ஒருவரின் பெயரையும் அவர் எழுதவில்லை. நூல்களின் ஆசிரியர் பெயர்களை நன்றியோடு பட்டியலிட்டவர், தோளில் பாறை சுமந்தவரின் பெயரைக் கேட்கத் தோன்றாதவராயிருந்தார். இது அவருடைய குறை மட்டுமன்று. கற்றோர் பலரின் குறை. நாமும் அதற்கு விலக்கானவர் அல்லோம். நளதத்தின் விலையை அருளுரையில் எடுத்துச்சொல்லும் நாம், அதனை மலைச்சரிவில் தோண்டி எடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தோமா?

ஆகவே, பிளினியை வாசிக்கும் இறையியல் மாணவர் இரண்டு வினாக்களை உடன்கொண்டு செல்வாராக. இதனை அவர் கண்டு எழுதினாரா, கேட்டு எழுதினாரா என்பது ஒன்று. இப்பொருளைச் செய்த கைகள் யாருடையவை என்பது மற்றொன்று. முதல் வினா நம்மைப் பிழையினின்று காக்கும். இரண்டாவது வினா, கூடாரத் தொழிலாளியாகிய பவுலையும் இரத்தாம்பரம் விற்ற லீதியாளையும் அவர்தம் தொழிலிடத்திலேயே சந்திக்க நமக்குத் துணைசெய்யும்.